எங்கள் லயத்துக் கொல்லை

விலங்கியல் பயில்கிறேன் என்று சொன்னால், "எந்தக் காட்டுக்குப் போனாய்? புலியைக் கண்டாயா?" என்பதே எல்லாரும் கேட்கும் முதற் கேள்வி. "எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் போனேன்; கோழிகளைக் கண்டேன்" என்பது என் மறுமொழி. கேட்டவர் ஏமாற்றத்தோடு வேறு பேச்சுக்குத் திரும்பிவிடுவார். நம் மன்ற இதழின் ஆசிரியர் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. "அதையே எழுதித் தாரும்" என்றார். ஆகவே, இதைப் படித்துச் சலிப்பவர்கள் அவரையே நொந்துகொள்ள வேண்டும்.

கொல்லை என்றவுடன் தென்னையும் வாழையும் துலாக் கிணறும் மனத்தில் தோன்றலாம். எங்கள் கொல்லை அத்தகையது அன்று. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் செல்லும் சாலையில் பேருந்தை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே ஒரு கல் தொலைவு நடந்தால் எங்கள் லயம் வரும். ஒரே கூரையின்கீழ்ப் பத்து வீடுகள். வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அடுப்படிக் கதவைத் திறந்தால் நாலு பாத்தி அகலத்துக்கு மண். அதில் பீன்ஸ், முட்டைக்கோசு, ஒரு மரத்தக்காளி, ஒரு சவ்சவ் பந்தல். வேலிமேல் தாட்பூட் கொடி. வேலிக்கு அப்பால் தேயிலை; அதற்கும் அப்பால் கிராண்டிஸ் மரங்கள்; அவற்றுக்குக் கீழே பள்ளத்தில், எவரும் வெட்டாமல் எஞ்சிய ஒரு துண்டுச் சோலை. இவ்வளவே என் ஆராய்ச்சிக்கூடம்.

என் கொள்ளுத்தாத்தா சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து போடிநாயக்கனூர் வந்து, கொட்டகுடியிலிருந்து நடந்தே மலையேறியவர் என்பார்கள். நான்கு தலைமுறை ஆயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. இன்றும் எங்கள் லயத்தில் பேச்சு நெல்லைத் தமிழ், பள்ளிப் பேருந்தில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். ஒரு குருவியைக் கண்டால் அதற்கு மூன்று பெயர் சொல்லலாம். பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் இலத்தீனையும் சேர்த்து நான்கு.

எங்கள் வீட்டில் வளரும் உயிர்கள்: ஏழெட்டுக் கோழிகள், அவற்றுக்குத் தலைவனாக ஒரு செஞ்சேவல், டைகர் என்னும் நாய், ஒரு பூனை. பூனைக்குப் பெயர் கிடையாது. அழைத்தால் வராத ஒன்றுக்குப் பெயர் எதற்கு என்பது அம்மாவின் கட்சி.

இவற்றுள் எனக்கு ஆசானாக அமைந்தவை கோழிகள். வியப்பாக இருக்கலாம், விளக்குகிறேன்.

அம்மா அடுப்படிப் புகையில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். கொல்லைப்பக்கம் பார்க்கவே முடியாது. திடீரென்று "மேல!" என்பாள். நான் வெளியே ஓடினால், சோலைக்கு மேலே ஒரு கழுகு வட்டமிட்டுக்கொண்டிருக்கும். மற்றொரு வேளையில், "கீழ, கீழ! அந்தச் செவலை நாயா இருக்கும், விரட்டு" என்பாள். போனால் அடுத்த லயத்துச் செவலை நாய் வேலியோரம் நிற்கும். சிறுவயதில் இதை ஏதோ அம்மாக்களுக்கு மட்டும் உரிய ஆற்றல் என்று நினைத்திருந்தேன். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு விடுமுறையில்தான், "எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன். அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "ஏட்டி, கோழி சொல்லுதுல்லா!" என்றாள்.

உண்மையிலேயே கோழி சொல்லுகின்றது. வானிலிருந்து ஆபத்து வந்தால் சேவல் எழுப்புவது மெல்லிய, நீண்ட, கீச்சென்ற ஓர் இழுப்பு. கேட்ட மாத்திரத்தில் பெட்டைகள் பந்தலின்கீழ் ஓடிப் பதுங்கித் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும். தரையில் ஆபத்து என்றால் அந்த ஓசை வராது. "கொக்-கொக்-கொக்" என்று துண்டு துண்டான உரத்த கூப்பாடு. அப்போது பெட்டைகள் பதுங்குவதில்லை. கழுத்தை நிமிர்த்தி நாற்புறமும் நோக்கும். நூலகத்தில் தேடியபோது, இதையே கிறிஸ்டபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகிய மூவரும் 1993-இல் ஆய்ந்து எழுதியிருப்பதைக் கண்டேன். பறவை எதுவும் கண்ணில் படாத நிலையில் ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் காட்டினாலும், வானக் குரலுக்குக் கோழிகள் ஒரு வகையாகவும் தரைக் குரலுக்கு வேறு வகையாகவும் நடந்துகொண்டன. அஃதாவது, அந்த ஓசை வெறும் அச்சத்தின் அலறல் அன்று. அதில் செய்தி இருக்கின்றது. இன்னும் ஒன்று: தனித்து விடப்பட்ட சேவல் பருந்தைக் கண்டாலும் பெரும்பாலும் வாய் திறவாது, பக்கத்தில் தன் இனம் இருந்தால்தான் எச்சரிக்கும் என்பதையும் மார்லர் குழுவினர் காட்டியுள்ளனர். இதை அம்மாவிடம் சொன்னேன். "ஆளில்லாத வீட்டுல யாரு கத்துவா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

அந்த விடுமுறை முழுவதும் ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேவலைப் பின்தொடர்ந்தேன். "மேல" என்ற குரல் எழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்து, வந்தது எது என்று குறித்தேன். பாதிக்கு மேற்பட்டவை வீண் கூச்சல். காக்கைக்கும், மைனாவுக்கும், ஒருமுறை காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்கும்கூட எங்கள் சேவல் கூவியது. எஞ்சியவற்றுள் கருங்கழுகு உண்டு. அகன்ற சிறகின் விரல்களை விரித்து, சோலையின் தலைப்பை உரசுவதுபோல் மெல்ல மிதந்து, பிற பறவைகளின் கூடுகளைத் தேடும் பறவை அது. பாம்புக்கழுகு உண்டு, பெயருக்கேற்பப் பாம்பையே பெரிதும் நாடுவது, ஆயினும் கோழிகள் அதற்கும் பதுங்கும். கோழிக்கு இனம் பிரிக்கத் தெரியாது. திசை பிரிக்கத் தெரியும். இனம் பிரிப்பது நம் வேலை. ஆனால் எப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதைக் கோழி சொல்லாவிடில், அந்தக் கருங்கழுகுகளுள் ஒன்றைக்கூட நான் கண்டிருக்கமாட்டேன்.

கோழிகள் வானத்தை மட்டுமன்றி மண்ணையும் எனக்குக் காட்டின. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சவ்சவ் பந்தலின்கீழ்ச் சீய்த்துக்கொண்டிருந்த பெட்டை ஒன்று எதையோ கவ்விக்கொண்டு ஓடியது. மற்றவை துரத்தின. டைகர் குரைத்தது. கீழே விழுந்த பொருள் ஒரு பாம்பு. ஒரு சாண் நீளத்தைச் சற்றே கடக்கும், சுண்டுவிரல் பருமன், கருநீலத்தில் எண்ணெய் பூசியதுபோல் மினுமினுப்பு. ஒரு முனை கூராக இருந்தது. மறு முனையைக் கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்தது; அந்த வெட்டுவாயில் மண் அப்பியிருந்தது.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இருதலை!" என்றார். அடுத்த நொடி அவர் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது.

நண்பர்களே, இருதலைப் பாம்பு என்றும் மண்ணுளி என்றும் வழங்கும் செம்மண்ணுளிப் பாம்பைப் பற்றிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் இருந்தால் செல்வம் கொழிக்கும், மருந்துக்கு ஆகும், இலட்சக்கணக்கில் வாங்குவார்கள் என்றெல்லாம் கிளப்பிவிட்ட பொய்யை நம்பி எத்தனையோ ஏழைகள் அதைப் பிடித்து விற்கப் போய்ச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர் அது. மாமாவோ பேராசைக்காரர் அல்லர். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் கட்ட வேண்டிய கட்டணம் இரண்டு தவணை பாக்கி. டவுனில் யாரோ ஒருவன் ஆள் தேடிக்கொண்டிருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். செம்மண்ணுளி சமவெளியின் வறண்ட நிலத்தில் வாழ்வது, இரண்டு மூன்று அடி வளர்வது, தடித்த உடல், எலியைத் தின்பது. ஐயாயிரம் அடி உயரத்தில், சனவரியில் புல்லின்மேல் பனி உறையும் இந்த மலையில் அதற்கு என்ன வேலை? என் கையில் இருந்தது யூரோபெல்டிஸ் இனத்தைச் சேர்ந்த கேடயவால் பாம்பு. ஊரா என்றால் கிரேக்கத்தில் வால்; பெல்டே என்றால் கேடயம். இந்தக் குடும்பம் உலகில் தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் கிடையாது. கூரிய தலையால் மண்ணைத் துளைத்துச் செல்லும். வாலின் நுனியில் உள்ள சொரசொரப்பான கேடயத்தில் மண் ஒட்டி, பின்னால் வரும் பகைக்கு வளையை அடைக்கும் மூடிபோல் ஆகும். மண்புழுவே உணவு. முட்டையிடாமல் குட்டி ஈனும். நஞ்சு சிறிதும் இல்லை. கூரிய முனைதான் தலை, கண்கள் கடுகளவு, தடித்த முனையைத் தலை என்று மயங்கியதால்தான் இரண்டு தலையாயிற்று.

இத்தனையையும் நான் ஒரு சொற்பொழிவாகவே ஆற்றினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பாட்டிலின் மூடியைத் திருகினார். படித்த பெண் ஏதோ சொல்லுகிறது என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போது அம்மா கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, கிழங்கு தோண்டுறப்போ இதுல நூறு பாத்திருக்கேன். ஒண்ணுக்கு ஒரு லட்சம்னா நான் எதுக்குக் கூடை சுமக்கேன்?"

மாமா சிறிது நேரம் நின்றார். பிறகு சிரித்துவிட்டார். பந்தலுக்கடியில் பாட்டிலைச் சாய்த்தார். பாம்பு கூரிய முனையை ஈர மண்ணில் வைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. கடைசியாக மறைந்தது அந்த மண் அப்பிய வால்தான். மகளின் கட்டணத்தை அவர் பிறகு வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

இதற்கு அடுத்த ஆண்டு, தொடுபுழைத் தோழி ஒருத்தி விடுதியிலிருந்து என்னோடு வந்திருந்தாள். தாட்பூட் கொடியைப் பார்த்து, "அதோ, இரட்டத்தலச்சி!" என்று கூவினாள். அம்மா பாய்ந்து போய்ப் பூனையைப் பிடித்து வீட்டுக்குள் போட்டுவிட்டு, கோழிகளைக் கூடைக்குள் அடைக்கத் தொடங்கினாள். தோழி விழித்தாள். கொடியில் இருந்தது செம்மீசைச் சின்னான். அம்மா மொழியில் கொண்டைக்குருவி. நிமிர்ந்த கொண்டை இன்னொரு தலைபோல் தோன்றுவதால் மலையாளத்தார் அதை இரட்டைத்தலைக்காரி ஆக்கிவிட்டார்கள். தமிழில் இரட்டைத்தலை மண்ணுக்குள் ஊர்கிறது. மலையாளத்தில் கொடிமேல் பாடுகிறது. இலத்தீன் பெயர் வைத்தவர்களின் அருமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஆனாலும் ஒன்று சொல்வேன்: விடியலுக்கு முன் ஓடைப் பக்கம் மனிதனைப்போல் சீழ்க்கையடிக்கும் சீகாரப் பூங்குருவிக்கு எங்கள் லயத்தார் வைத்திருக்கும் "விசில் குருவி" என்ற பெயரை எந்த இலத்தீனும் வெல்லமுடியாது.

பூனையைப் பற்றி அதிகம் புகழ்வதற்கில்லை. அது கொண்டுவந்து போடுவன எல்லாம் பிணங்கள். மூஞ்சூறு, அரணை, சிறு குருவிகள். ஒரு மாணவிக்கு அவை பயன்பட்டன என்பது உண்மை; அந்தக் குருவிகளுக்குப் பயன்படவில்லை என்பதும் உண்மை. இப்போது அதன் கழுத்தில் மணி கட்டியிருக்கிறோம். அதன் முகத்தைப் பார்த்தால் எங்களை மன்னிக்கவில்லை என்று தெரிகிறது.

மழைக்கால இரவில் வேலியோரத் தேயிலைச் செடிகளுக்குள் "டிக், டிக்" என்று ஓசை கேட்கும். டைகர் காதைத் திருப்பும்; எழாது. பூச்சியின் ஓசை என்றே லயத்தில் எல்லாரும் எண்ணியிருந்தனர். அது கட்டைவிரல் நகமளவே உள்ள புதர்த்தவளை. அதன் குஞ்சு தலைப்பிரட்டையாக நீரில் வாழ்வதில்லை. முட்டைக்குள்ளேயே தவளையாகி வெளிவரும். இவ்வகையில் ஒன்றுக்கு மூணாற்றின் பெயரையே சூட்டி, பிஜுவும் போசுயிட்டும் 2009-இல்தான் உலகுக்கு அறிவித்தனர். மறு ஆண்டு அந்தப் பேரினத்துக்கே ராவோர்கெஸ்டெஸ் என்று பெயர் மாறியது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக. ஒரு நூற்றாண்டுக் காலம் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு அருகிலேயே அது உட்கார்ந்திருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

வளர்ப்பு உயிர்களோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தவர்களின் மரபு ஒன்று உண்டு. கில்பர்ட் ஒயிட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் ஊராகிய செல்போர்னைப் பற்றி 1789-இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த கதிர்க்குருவிகளைக் குரலைக் கொண்டே மூன்று இனமாகப் பிரித்தவர் அவர். அத்தையிடமிருந்து வந்த ஆமை ஒன்றைத் தம் தோட்டத்தில் வைத்து, அது எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளிவருகிறது என்று நாள்தோறும் குறித்தார். ஆமையின் பெயர் திமோத்தி. அது பெண் ஆமை என்பது அது இறந்தபின்புதான் தெரிந்தது! நம்மிடையே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கை பற்றி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கையால் அணிலைப் பற்றியும் காக்கையைப் பற்றியும், தாம் வளர்த்த புறாவையும் ஆட்டையும் பற்றியும் எழுதினார். தமிழிலும் எழுதினார். அவரைப் படித்தபின்தான் என் குறிப்பேட்டை ஒளித்து வைப்பதை நிறுத்தினேன்.

ஒயிட்டின் வழியைப் பின்பற்றி நானும் எங்கள் வேலிக்கு மார்கழியில் வரும் பச்சைக் கதிர்க்குருவிகளைக் காதால் பிரித்துப் பார்த்தேன். ஒன்று இரண்டு அசையாகக் கூப்பிடும். மற்றொன்று ஒரே அசையில் "சிட்" என்று முடித்துவிடும். இரண்டும் இமயத்துப் பக்கமிருந்து வருபவை. சாம்பல் வாலாட்டியும் அவ்வாறே. எங்கள் லயத்துச் சாக்கடையோரம் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசிக்கு வந்துவிடும். "ஆளு வந்தாச்சு" என்பாள் அம்மா. சித்திரைக்குள் போய்விடும். அதற்கு வருவதும் போவதும் அதன் விருப்பம்.

டைகரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இரவில் அதை வீட்டுக்குள்தான் படுக்கவைப்போம். நாயைத் தேடிச் சிறுத்தை லயம்வரை வரும். படையப்பா என்று எங்கள் ஊரார் பெயரிட்ட கொம்பன் யானை வந்தால், குரைக்காமல் கதவின் அடியில் மூக்கை வைத்து நடுங்கும். கோழிக்கு இரண்டு குரல் என்றால் டைகருக்கு மௌனமும் ஒரு குரல். காலையில் அதன் மூக்கு போகும் வழியே போனால் முள்ளம்பன்றியின் முள்ளோ, புனுகுப்பூனையின் எச்சமோ கிடைக்கும். எச்சத்தைக் கிளறி எந்தப் பழத்தின் விதை என்று பார்க்கும் என்னைக் கண்டு லயத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நாய் எதை முகர்கிறது, ஏன் முகர்கிறது என்பதை நாம் வெளியிலிருந்துதான் ஊகிக்க முடியும். ஆனால் அந்த மூக்கை நான் ஐயுறுவதில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தோர் எழுபதின்மர், அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. எல்லாரும் எங்களைப்போல் தேயிலைத் தமிழர்கள். குவி என்னும் நாய் சில நாள் ஆற்றோரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் நின்று நீரைப் பார்த்துக் குரைத்தது. தேடுவோர் அங்கே பார்த்தபோது, அது கூடி விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று அம்மா டைகருக்குச் சோறு வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வரும் சித்திரையோடு அம்மாவுக்கு வேலை முடிகிறது. லயத்து வீடு வேலை உள்ளவரைக்கும்தான். பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வேறொருவர் பேர் பதிந்து கொழுந்து எடுக்க வந்தால் வீடு நிற்கும். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். எஞ்சுவது நான். லயத்தில் கேட்காதவர்கள் இல்லை: "மகள் படிச்சது போதும்னு பேர் பதியலாமே?" அம்மா இதுவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் சண்டைக்குப் போகிறாள். நான் முதுநிலையை முடித்து ஆய்வுக்குச் சேர்வதற்கான விலை இந்த நாலு பாத்தி மண். அதை நான் அறிவேன், அவளும் அறிவாள், இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பெரியம்மா கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறாள். அங்கே போவதென்று முடிவாயிற்று. அதுவும் கேரளந்தான், அதுவும் தமிழ் பேசும் ஊர்தான், ஆனால் மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று ஒரு மாநிலத்தைவிட்டு இறங்கி, இன்னொன்றைக் கடந்து, பழையபடி முதலாவதற்குள் நுழைய வேண்டும். 1933-இல் திருவாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி தங்கிய மறையூரைப் பேருந்து கடக்கும்போது நான் சன்னலோரம் இருப்பேன். சின்னாற்றில் முட்செடிக்காடு தொடங்கியதும் அம்மா கம்பளியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள்.

கொழிஞ்சாம்பாறை இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சிமலை அறுபட்டுக் கிடக்கும் இடம் அது. அகலம் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர். நமக்கு அது பேருந்தும் இரயிலும் போகும் வழி. மலையுச்சிக் குருவிக்கோ அது தாண்டமுடியாத அகழி. எங்கள் சோலையிலிருந்து தாட்பூட் கொடிக்கு வந்து சிரிக்கும் பழனிச் சிரிப்பான் கணவாய்க்குத் தெற்கே உண்டு, வடக்கே இல்லை. அங்கே நீலகிரிச் சிரிப்பான் இருக்கிறது. சோலைக்கிளியும் அவ்வாறே தெற்கில் ஓர் இனம், வடக்கில் ஓர் இனம். பன்னெடுங்காலமாகக் கலவாமல் பிரிந்து வேறுவேறாகிவிட்டன. 2017-இல் வி. வி. ராபினும் உடன் ஆய்ந்தவர்களும் இவற்றின் மரபணுவைப் பார்த்து, இவை இந்த மலைத்தொடருக்கே உரிய தனிப் பேரினங்கள் என்று காட்டினர். அந்த அகழியின் அடித்தளத்தில்தான் அம்மா குடியேறப் போகிறாள். குளிரில் வாழ்ந்த உயிர் அங்கே எப்படி வாழும் என்று கேட்டால், கேள்வி சிரிப்பானைப் பற்றியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

சென்ற வைகாசியில் இடம் பார்க்க அம்மாவும் நானும் போனோம். பெரியம்மா வீட்டுக் கொல்லை எங்களுடையதைவிடப் பத்து மடங்கு பெரிது. கரிசல் மண், ஒரு வேம்பு, வரப்பில் ஏழு பனை. காற்று ஓயாது வீசுகிறது. பனையோலையின் அடியில் உமிழ்நீரால் ஒட்டிக் கூடு கட்டும் பனை உழவாரன்கள் மேலே கீறிக்கொண்டு பறந்தன. முதல் நாளே முப்பது பறவைக்கு மேல் குறித்தேன். மயிலைக் கோழிபோல் விரட்டுகிறார்கள் அங்கே. அம்மா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. விசிறிக்கொண்டு திண்ணையில் கிடந்தாள். "டைகர் இந்தச் சூட்டுக்குச் செத்துப்போகும்" என்றாள் ஒருமுறை. பூனை வருமா என்று நான் கேட்டதற்கு, "அது வீட்டோட பூனை, நம்மளோட பூனை இல்ல" என்றாள். கோழிகளைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கூடையில் வைத்தால் வந்துவிடும்.

இரண்டாம் நாள் முற்பகல். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வேம்பின்கீழ்க் கூடி இரைந்தன. கீழே பார்த்தால் பெரியம்மாவின் பூனை. இது எங்கும் உள்ள கதை என்று நான் குறிப்பேட்டை மூடும்போது, பெரியம்மாவின் சேவல் மெல்லிதாக, நீளமாக, கீச்சென்று இழுத்தது. பெட்டைகள் வைக்கோற் போருக்குள் பதுங்கின. திண்ணையில் படுத்திருந்த அம்மா எழுந்து, முற்றத்துக்கு வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தாள். பனைக்கும் பனைக்கும் நடுவே, புறாவளவே உள்ள சாம்பல்நிறப் பறவை ஒன்று படபடவென்று அடித்துச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "இதுக்கு இங்க என்ன பேரும்மா?" என்று அம்மா கேட்டாள்.

"வல்லூறுங்க அக்கா. குஞ்சுகளைப் பத்திரமா வெச்சுக்கோணும். தெனமும் இந்நேரத்துக்கு வந்துருமுங்க."

அம்மா என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ" என்றாள்.